ஒம்பதாவது பசங்களுக்கு பாகுபாடு பத்தின நாவல் எடுக்கறது எப்படி? நம்ம கொங்குப் பக்கத்து இங்கிலீஷ் டீச்சருங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோபி, சத்தி, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சின்னு நம்ம பக்கம் இங்கிலீஷ் எடுக்கற டீச்சருங்க 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'ங்கற அமெரிக்க நாவல பத்தி பேச ஆரம்பிச்சாலே சுத்திச் சுத்தி இதே கேள்விங்கதான் வருது. எல்லாத்துக்கும் எனக்குத் தெரிஞ்ச பதில இங்க போடறேன். ஒரு விசயம் மட்டும் மொதல்லயே சொல்லிடறேனுங்க. இந்தக் கதைய அமெரிக்காவுலயே விட்டுட்டு வந்துடக் கூடாது, நம்ம ஊருக்கு கொண்டு வரணும். ஆனா கொண்டு வர்றப்ப எந்தக் குழந்தையையும் சாட்சிக் கூண்டுல ஏத்திடக் கூடாது. கீழ இருக்கற பதில் எல்லாமே இந்த ரெண்டையும் ஒண்ணா எப்படி பண்றதுங்கறத பத்தித்தான்.

எந்த புக்குங்க? ஏன் அதுவே?

மில்ட்ரெட் டி. டெய்லர் எழுதின 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. 1976-ல வந்துச்சு, 1977-ல அமெரிக்காவுல சிறுவர் புத்தகத்துக்குக் குடுக்கற நியூபெரி மெடல் வாங்குச்சு. கதை 1933-ல மிசிசிப்பியில நடக்குது. லோகன்னு ஒரு கறுப்பினக் குடும்பம், சொந்தமா நெலம் வெச்சு பருத்தி போடறாங்க. சுத்தியிருக்கற மத்த கறுப்பினக் குடும்பங்க பாதிப்பேருக்கு மேல வெள்ளக்காரங்க நெலத்துல வாரத்துக்கு, அதாவது வெளச்சல்ல பங்கு குடுத்து, உழுவறாங்க. கதைய சொல்றது கேசின்னு ஒம்பது வயசுப் பொண்ணு. அண்ணன் ஸ்டேசிக்கு 12, தம்பிங்க ரெண்டு பேரு, கடைசி ஆளு லிட்டில் மேனுக்கு 6 வயசு.

ஏன் இதுன்னா, பாகுபாடு பத்தி ரொம்பப் பேரு பாடமா வெக்கற நாவல்கள்ல ஒரு நல்ல வெள்ளக்கார வக்கீலோ டீச்சரோ வந்து காப்பாத்தறாரு, கஷ்டப்படறவங்க ஓரமா நிக்கறாங்க. இதுல அப்படி இல்ல, அடி வாங்கற வீட்டுக்குள்ள இருந்தே கதை வருது, அந்த வீட்டுல கோவம் இருக்கு, சிரிப்பு இருக்கு, பாட்டி இருக்காங்க, கிறிஸ்துமஸ் இருக்கு. இன்னொண்ணு, இதுல வர்ற விசயம் எல்லாம் நம்ம பசங்க வீட்டுல காது வழியா கேட்டதுதான். பருத்தி வெல விழுந்தா அப்பா வெளியூருக்கு ரயில்வே வேலைக்குப் போறது, கடைக்காரன்கிட்ட அக்கவுண்ட் வெச்சு மீள முடியாம போறது, நெலத்த மட்டும் வித்துடாதேன்னு தாத்தா சொல்றது. கோயமுத்தூர்ல மொத பஞ்சு மில்லு 1888-ல வந்துச்சு, அதுக்கப்புறம் நம்ம ஊரு வாழ்க்கையே பருத்திய சுத்தித்தானே ஓடுச்சு. இதெல்லாம் இருக்கறதால பையன் கதைக்குள்ள சீக்கிரம் போயிடறான்.

எட்டாவதுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனா ஒம்பதாவது நல்லது. கதையில ஆளுங்கள உயிரோட எரிக்கறது வருது, கும்பலா சேந்து தூக்குல போட வர்றது வருது. ஆறாவது ஏழாவதுக்கு வேண்டாமுங்க.

பசங்களுக்கு இங்கிலீஷே தகராறு, இதுல அந்த ஊரு பேச்சு மொழி வேற. எப்படி சமாளிக்கறது?

பயப்படாதீங்க. நம்ம பசங்களுக்கு பேசற மொழி வேற, புக்குல இருக்கற மொழி வேறங்கறது பொறந்ததுல இருந்தே தெரியும். வீட்டுல பேசற மாதிரி பரீட்சையில எழுதறாங்களா என்ன? அதையே சொல்லிட்டு நீங்க சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, கண்ணால பாத்தா புரியாதது காதால கேட்டா புரிஞ்சிடும். கேசி பேசறது, அவ அம்மா ஸ்கூல்ல பேசறது, கடைக்காரன் பேசறது மூணும் ஒரே மாதிரி இல்லைங்கறத பசங்களே கண்டுபிடிச்சு சொல்லுவாங்க.

போர்ஷனே முடியல, 12 அத்தியாயத்துக்கு எங்கீங்க போறது?

எல்லாத்தையும் க்ளாஸ்ல படிக்க வேண்டியதில்ல. ஒண்ணு, மூணு, அஞ்சு, எட்டு, கடைசி ரெண்டு, இத மட்டும் ஒண்ணா படிங்க. மத்தத குரூப் குரூப்பா பிரிச்சு விட்டா அவங்களே வந்து கதை சொல்லிடுவாங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், மொத அத்தியாயத்த வேகமா ஓட்டிடாதீங்க.

அப்படி மொத அத்தியாயத்துல என்ன இருக்கு?

லிட்டில் மேனுக்கு அன்னிக்குத்தான் மொத நாள் ஸ்கூல். துணியில ஒரு பொட்டு தூசி பட்டாலும் தாங்காத பையன். புக்கு தர்றோம்னு டீச்சர் சொன்னதும் ஆசையா கைய நீட்டறான், வர்றது கிழிஞ்சு அழுக்காப் போன ஒண்ணு. வேற குடுங்கன்னு கேக்கறான், டீச்சர் திட்டறாங்க. அட்டைக்கு உள்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கு. எந்த வருசம், புக்கு எந்த நெலமையில இருக்கு, வாங்கின பையன் என்ன இனம்னு வரிசையா எழுதியிருக்கு. புதுசா இருக்கறப்ப வெள்ளக்காரப் பசங்க கையில இருந்துச்சு, வருசம் ஆக ஆக நைஞ்சுக்கிட்டே வந்து, 'ரொம்ப மோசம்'னு எழுதற நெலமைக்கு வந்ததுக்கப்புறம் இந்தப் பசங்க கைக்கு வருது, அந்த வரியில இனம்ங்கற எடத்துல ஒரு கேவலமான வார்த்தை. ஆறு வயசுப் பையன் அதப் படிச்சுட்டு புக்க தரையில போட்டு மிதிக்கறான். கேசி போயி டீச்சர்கிட்ட அந்தப் பக்கத்தக் காட்டறா, நம்மள என்னன்னு எழுதியிருக்காங்க பாருங்கன்னு. அந்த டீச்சரும் கறுப்பினம்தான். அவங்க சொல்ற பதில், 'நீங்க அதுதான், போயி உக்காரு'.

இந்த எடத்துல நிறுத்துங்க. பசங்களப் பேச விடுங்க. டீச்சர் ஏன் அப்படி சொன்னாங்கன்னு கேளுங்க, அவங்க கெட்டவங்களா, பயந்தவங்களா, பழகிப் போனவங்களான்னு. சும்மா உக்காந்திருக்கற பையன்கூட இதுக்குப் பேசுவான், ஏன்னா டீச்சருங்கள பத்தி கருத்து இல்லாத பையன் எங்கயும் இல்ல. அடுத்து கேசியோட அம்மா பண்றதப் படிங்க. அவங்களும் அதே ஸ்கூல்ல டீச்சர், பேப்பர் வெட்டி அந்த அட்டவணை மேல ஒட்டிடறாங்க, தன் க்ளாஸ் புக்குக்கும் சேத்து. பின்னாடி எட்டாவது அத்தியாயத்துல அவங்க வேலை போறதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்லுவாங்க.

இப்ப பசங்களுக்கு இல்ல, நமக்கு ஒரு கேள்வி. நம்ம ஸ்கூல்ல அந்த அட்டவணை எங்க இருக்கு? நடு க்ளாஸ்ல வந்து 'எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு'ன்னு சொல்றது எத்தன ஸ்கூல்ல இன்னும் நடக்குது? மனசுல கெட்ட எண்ணம் இல்லாமதான் சொல்றாங்க, ஆனா நாப்பது பேரு திரும்பிப் பாக்கறப்ப எந்திரிச்சு நிக்கற புள்ளைக்கு என்ன ஆகும்? 2023-ல நாங்குநேரியில ஒரு பட்டியலின மாணவன கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டின சம்பவத்துக்கப்புறம் அரசாங்கம் போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு. வருகைப் பதிவேட்டுல ஜாதி இருக்கக் கூடாது, ஸ்காலர்ஷிப் விசயத்த க்ளாஸ்ல வெச்சுப் பேசக் கூடாதுன்னு அதுலயே சொல்லியிருக்காங்க. நாவல எடுக்கறதுக்கு முந்தி இத மாத்திட்டு எடுங்க. மாத்தாம அந்த அத்தியாயத்த எடுத்தா பசங்க நம்மளப் பாக்கற பார்வையே வேற மாதிரி இருக்கும்.

புக்குல அந்த மோசமான வார்த்தை நெறைய எடத்துல வருது. வாசிக்கலாமா?

சத்தமா வாசிக்காதீங்க, பசங்களையும் வாசிக்க விடாதீங்க. அந்த எடம் வந்தா ஒரு நொடி நிறுத்திட்டு தாண்டிப் போங்க. ஏன் நிறுத்தறோம்னு மொத நாளே சொல்லிடுங்க. ஆனா அழிக்கவோ மை பூசவோ வேண்டாம், எழுத்தாளர் வேணும்னேதான் வெச்சிருக்காங்க.

இதுல இன்னொரு பள்ளம் இருக்குங்க, அதுல விழுந்துடாதீங்க. 'நம்ம ஊர்ல இந்த மாதிரி வார்த்தை என்ன இருக்கு சொல்லுங்க'ன்னு கேட்டுடாதீங்க. கேட்டீங்கன்னா பசங்க உற்சாகமா வரிசையா எடுத்து விடுவாங்க, அந்த வார்த்தைய தெனம் வாங்கற புள்ளை அதே பெஞ்சுல உக்காந்திருக்கும். பட்டியலின, பழங்குடி ஆளுங்கள நாலு பேரு முன்னாடி ஜாதி பேரச் சொல்லித் திட்டறது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல குற்றம்ங்கறதையும் அன்னிக்கே சொல்லிடுங்க, மெரட்டறதுக்கு இல்ல, தகவலா.

'இப்பல்லாம் யாரு மிஸ் ஜாதி பாக்கறாங்க'ன்னு பசங்க சொல்றாங்களே?

சொல்லுவாங்க. பாதிப் பேரு நெசமாவே நம்பித்தான் சொல்றாங்க, அவங்க வாழ்க்கையில அது தட்டுப்படவே இல்ல. வாதம் பண்ணாதீங்க. அஞ்சாவது அத்தியாயத்த எடுங்க. கேசி மொதத் தடவையா ஸ்ட்ராபெரிங்கற டவுனுக்குப் போறா. கடையில இவங்க சாமானம் போட்டுக்கிட்டு இருக்கறப்பவே வெள்ளக்காரங்க வர வர கடைக்காரன் அவங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டு இவங்கள நிக்க வெக்கறான். அவ கேட்டுடறா, வெளிய தள்ளறாங்க. ரோட்டுல தெரியாம ஒரு வெள்ளக்காரப் பொண்ணு மேல இடிச்சதுக்கு, தன்ன விட கொஞ்சந்தான் பெரியவளான அந்தப் பொண்ண மரியாதையா 'மிஸ்'ஸுன்னு கூப்பிட்டு மன்னிப்புக் கேக்க வெக்கறாங்க, கேக்கச் சொல்றதே அவ பாட்டிதான்.

இதப் படிச்சதும் ஒரு வீட்டுப்பாடம் குடுங்க. நம்ம கொங்குத் தமிழ்ல மரியாதை ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க, சின்னக் குழந்தையக்கூட வாங்க போங்கன்னு கூப்பிடறோம். ஒரு வாரம் காத மட்டும் தெறந்து வெச்சுக்கச் சொல்லுங்க. தோட்டத்துல, பஸ் ஸ்டாண்டுல, கல்யாண மண்டபத்துல, யாரு யார 'வாங்க'ங்கறாங்க, யாரு யார 'வாடா'ங்கறாங்க, வேலைக்கு வர்ற எழுபது வயசுத் தாத்தாவ வீட்டுக்காரப் பையன் எப்படிக் கூப்பிடறான், அவரு திருப்பி அந்தப் பையன எப்படிக் கூப்பிடறாரு. நோட்டுல இங்கிலீஷ்ல எழுதணும், யாரு பேரும் ஜாதியும் எழுதக் கூடாது, வயசும் என்ன வேலைங்கறதும் மட்டும் போதும். நோட்டு திரும்பி வர்றப்ப 'யாரு மிஸ் ஜாதி பாக்கறாங்க'ன்னு சொன்ன பையனே நாலு பக்கம் எழுதிட்டு வருவான். நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்காது.

செய்தி வேணும்னா அதுவும் நம்ம பக்கத்துலயே இருக்கு. 2018-ல அவிநாசி பக்கத்து அரசுப் பள்ளி ஒண்ணுல சத்துணவு சமைக்க வந்த அம்மா பட்டியலினம்ங்கறதால சமைக்கக் கூடாதுன்னு ஊர்க்காரங்க சிலர் ஸ்கூல மறிச்சாங்க, அந்தம்மாவ மாத்தினாங்க, எதிர்ப்பு வந்ததும் திரும்பக் கொண்டு வந்தாங்க, வன்கொடுமைச் சட்டத்துல வழக்கும் போட்டாங்க. அந்த இங்கிலீஷ் செய்திய ஊர் பேர மறைச்சு காம்ப்ரஹென்ஷனா குடுக்கலாம். உங்க ஸ்கூலு அந்த ஏரியாவுலயே இருந்தா இத விட்டுடுங்க.

பட்டியலினப் பசங்கள அவங்க அனுபவத்த சொல்லச் சொல்லலாமா?

கூடாதுங்க. எனக்கு இதுல ரெண்டாவது யோசனையே கெடையாது. 'நீ சொல்லு கண்ணு, உனக்கு இப்படி நடந்திருக்கா'ன்னு அன்பாக்கூட கேக்காதீங்க. காலனியில இருந்து வர்ற புள்ளை ஸ்கூல்லயாவது சும்மா ஒரு மாணவியா இருக்கணும்னு நெனச்சு வந்திருக்கும். மத்தவங்களுக்குப் பாடம் புரியறதுக்கு அது தன் காயத்தத் தெறந்து காட்ட வேண்டிய கடமை எதுவும் இல்ல. அந்தப் பாக்கற பார்வை கூட வேண்டாம், கடை சீன் படிக்கறப்ப நம்ம கண்ணு தானா அந்தப் புள்ளை பக்கம் போகும், போக விடாதீங்க.

அதுவா வந்து எழுதினா, சொன்னா, கேளுங்க. நோட்டுல எழுதியிருந்தா அந்தப் புள்ளைய கேக்காம யாருக்கும் வாசிச்சுக் காட்டாதீங்க, 'எவ்ளோ அழகா எழுதியிருக்கா பாருங்க'ன்னு ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. அனுபவம் வேணும்னா புத்தகத்துல இருக்கு. அம்பேத்கர் இங்கிலீஷ்லயே எழுதின சின்ன நினைவுக் குறிப்பு ஒண்ணு இருக்கு, 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. 1901-ல அண்ணன், அக்கா பசங்க கூட அப்பாவப் பாக்க ரயில் ஏறிப் போன சின்னப் பையன், எறங்கின எடத்துல மொதல்ல எந்த வண்டிக்காரனும் ஏத்திக்க மாட்டேங்கறான், ராத்திரி தண்ணி கெடைக்கல. ஸ்கூல்ல உக்காரறதுக்கு கோணிய வீட்டுல இருந்து கொண்டு போனதும் அதுலயே இருக்கு. கேசி வயசுதான் அப்ப அவருக்கும் கிட்டத்தட்ட. ஸ்ட்ராபெரி அத்தியாயம் முடிஞ்ச மறுநாள் இதப் படிங்க. சி.பி.எஸ்.இ. ஸ்கூலா இருந்தா பன்னெண்டாவது இங்கிலீஷ் புக்குலயே நம்ம தமிழ் எழுத்தாளர் பாமாவோட சின்ன வயசு நினைவு ஒண்ணு இருக்கு, ஒம்பதாவது பசங்களுக்கும் புரியும்.

நெலம் நீச்சு இருக்கற வீட்டுப் பசங்க 'எங்களத்தான் குத்திக் காட்டறாங்க'ன்னு முறுக்கிக்கறாங்களே?

அந்தப் பசங்களையும் விட்டுடக் கூடாது, அவங்களும் நம்ம பசங்கதான். ஜெரமி சிம்ஸ்னு ஒரு வெள்ளக்காரப் பையன் வர்றான். வீட்டுல அடி வாங்கினாலும் இவங்க கூடவே ரோட்டுல நடந்து வருவான். கிறிஸ்துமஸுக்கு ஸ்டேசிக்கு தானே செஞ்ச ஒரு புல்லாங்குழல கொண்டாந்து குடுப்பான். அவன் உலகத்த மாத்தல, ஆனா தன் வீட்டுல என்ன பேசறாங்கங்கறதுக்கு தான் கட்டுப்பட்டவன் இல்லைங்கறது அவனுக்குத் தெரியும். நம்ம பசங்களுக்கு நுழைய அது ஒரு நல்ல வாசல். அதே சமயம் ஸ்டேசியோட அப்பா அந்த சிநேகிதத்த ஏன் நம்ப மறுக்கறாருன்னும் கேளுங்க. ஜெரமிய ஹீரோ ஆக்கி கதைய அவன் பக்கம் சாச்சுடாதீங்க.

இன்னொண்ணு, நீ பண்ணினேன்னு சொல்றது வேற, உனக்கு இது கெடைச்சிருக்கு பாருன்னு சொல்றது வேற. வெள்ளக்காரப் பசங்களுக்கு ஸ்கூல் பஸ் இருக்கு, அந்த பஸ்ஸு வேணும்னே நடந்து போற பசங்க மேல சேத்த அடிச்சுட்டுப் போகுது. உள்ள உக்காந்து சிரிக்கற பையன் பஸ்ஸ ஓட்டல. அவன்கிட்ட என்ன கேக்கலாம், என்ன கேக்க முடியாது? மூணாவது அத்தியாயத்துல இந்த ஒரு கேள்விக்கே ஒரு பீரியட் போயிடும், போகட்டும்.

கலர் பத்திப் பேசினா போதாதா? பசங்க அத நல்லா பேசறாங்க.

பேசுவாங்க, கருப்பு செவப்புன்னு கிண்டல் பண்றது எல்லா வீட்டுலயும் இருக்கு, அதுவும் வலிதான், பொண்ணுங்களுக்கு ரொம்பவே. ஆனா க்ளாஸ் ஏன் அத மட்டும் அவ்வளவு சுலபமா பேசுதுன்னு யோசிங்க. அது யாருக்கும் ஆபத்தில்லாத பேச்சு. ஒரு பீரியட் பேசிட்டு அடுத்ததுக்கு வந்துடுங்க.

இனமும் ஜாதியும் ஒண்ணுன்னு சொல்லிடலாமா?

ஒண்ணு இல்ல. அங்க பாத்ததும் தெரியற நெறம், இங்க ஊர் பேரு, தெரு, குலதெய்வம்னு கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கறாங்க. அங்க சுப்ரீம் கோர்ட்டோட 1896 ப்ளெஸ்ஸி தீர்ப்புல இருந்து 1954 ப்ரௌன் தீர்ப்பு வரைக்கும் பசங்கள தனித்தனி ஸ்கூல்ல போடறதுக்கு சட்டமே துணை நின்னுச்சு, இங்க 1950-ல இருந்து அரசியல் சட்டம் 17-வது பிரிவுல தீண்டாமைய ஒழிச்சிருக்கு, ஆனா டீக்கடையில ரெட்டைக் குவளை அதுக்கப்புறமும் இருந்துச்சு. வித்தியாசத்தப் பசங்களே பட்டியல் போடட்டும்.

ஒட்டிப் போற எடமும் இருக்கு, கடன். நாவல்ல வாரத்துக்கு உழுவறவங்க கடையில கடன் வெச்சே மாட்டிக்கறாங்க. லோகன் வீட்டுல அந்தக் கடையப் புறக்கணிக்கச் சொல்லி ஆள் சேத்ததும், பண்ணைக்காரன் வெளச்சல்ல பாதி எடுத்தது போதாம நூத்துக்கு 60 எடுப்பேன்னு மெரட்டறான், ஒவ்வொருத்தரா பின்வாங்கறாங்க. தறிப்பட்டறையில முன்பணம் வாங்கிட்டு வெளிய போக முடியாம இருக்கற குடும்பத்த நம்ம பசங்களுக்குத் தெரியும். நம்ம கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1976-ல வந்ததுதான், நாவல் வந்த அதே வருசம்.

எங்க க்ளாஸ்ல பீகார், ஒடிசா பசங்க இருக்காங்க. அவங்கள பத்தி?

திருப்பூர் பக்கம் இத விட்டுட்டு இந்த நாவல எடுக்கவே முடியாது. 2023 மார்ச்ல வடமாநிலத் தொழிலாளிங்கள இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி, பீகார்ல இருந்து அதிகாரிங்க திருப்பூர், கோயமுத்தூருக்கே வந்து பாத்துட்டுப் போனாங்க. எந்த வீடியோவும் பொய்னு தெரியறதுக்குள்ள பயம் ஊர் தாண்டிடுது. அதே சமயம் நம்ம பசங்க பனியன் கம்பெனி லைன் வீட்டுல இருக்கற பசங்கள என்ன சொல்லிக் கூப்பிடறாங்கன்னு நமக்கே தெரியும். இதுல எல்லா ஜாதிப் பசங்களும் ஒண்ணா சேந்துக்கறாங்கங்கறதுதான் எனக்கு ரொம்ப வெசனமா இருக்கு. இங்கயும் விதி அதேதான், அந்தப் பையன எந்திரிச்சு சொல்லச் சொல்லாதீங்க.

பெத்தவங்க சண்டைக்கு வந்தா? ஹெச்.எம். வேண்டாம்னா?

மொதல்லயே ஒரு பக்கத்துல எழுதி ஹெச்.எம். கிட்ட குடுத்துடுங்க, என்ன புக்கு, எதுக்கு, என்ன பேசுவோம், என்ன பேச மாட்டோம்னு. 'யார் ஜாதியும் க்ளாஸ்ல கேக்கப்படாது'ங்கற வரி அதுல இருக்கட்டும், பாதிப் பிரச்சினை அங்கயே அடங்கிடும். பெத்தவங்க வந்தா உக்கார வெச்சு காப்பி குடுத்து மொத அத்தியாயத்தத் தமிழ்ல சொல்லுங்க. அந்த ஆறு வயசுப் பையன் கதையக் கேட்டுட்டு கோவமா எந்திரிச்சுப் போறவங்க ரொம்பக் கம்மி. ஹெச்.எம். கண்டிப்பா முடியாதுன்னா அந்த அத்தியாயத்தயும் அம்பேத்கர் குறிப்பயும் மட்டும் சப்ளிமென்டரி ரீடிங்கா வெச்சுக்குங்க.

க்ளாஸ்லயே சண்டை வந்துட்டா?

புக்க மூடிட்டு எழுதச் சொல்லுங்க. பத்து நிமிசம் யாரும் பேசாம எழுதினா சூடு எறங்கிடும். தப்பா ஒரு வார்த்தை விழுந்திருந்தா மட்டும் அத அப்பவே, அங்கயே, எல்லாரு முன்னாடியும் தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் தனியா கூப்பிட்டு சொல்லிக்கலாம்னு விட்டா, வாங்கின புள்ளைக்கு நம்ம யாரு பக்கம்னு தெரியாமயே போயிடும்.

மார்க் எப்படிங்க போடறது?

கருத்துக்கு மார்க் போடாதீங்க, போட்டா எல்லாரும் நமக்குப் புடிச்சத எழுதிக் குடுத்துட்டு போயிடுவாங்க. கதையில இருந்து ஆதாரம் காட்டறானா, இங்கிலீஷ்ல சொல்ல வந்தது வெளங்குதா, அவ்வளவுதான்.

கடைசியில ஸ்டேசியோட கூட்டாளி டி.ஜே. என்ன ஆனான்னு பசங்க விட மாட்டேங்கறாங்க.

கும்பல் டி.ஜே.வ தூக்குல போட வர்றப்ப கேசியோட அப்பா தன் சொந்தப் பருத்திக் காட்டுக்கே தீ வெச்சு, எல்லாரும் தீய அணைக்க ஓடற மாதிரி பண்ணி அந்த ராத்திரி காப்பாத்திடறாரு. ஆனா போலீஸ் கொண்டு போயிடுது, என்ன ஆனான்னு இந்த புக்கு சொல்லல. பசங்க கோவப்படுவாங்க, பட விடுங்க. 1981-ல வந்த அடுத்த நாவல் 'லெட் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்'ல அவனோட கேஸ் நடக்குது. லைப்ரரிக்கு ரெண்டு காப்பியாவது வாங்கி வெச்சுடுங்க, அடுத்த வாரமே கேட்டு வருவாங்க.